புரொபேட் கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் வங்கிக் கிளை மேலாளர்களுக்கும், சார்பதிவாளர்களுக்கும், தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதல் மனுக்களைப் பார்ப்பவர்களுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் செயலாளர்களுக்கும், வீட்டுக் கடனுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதித் தரும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

வேறு வேறு மேஜைகளில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்து, அவர் எழுதிய உயிலை எடுத்துக்கொண்டு யாராவது வந்து நின்றால், ஃபைலைப் பிரிப்பதற்கு முன்பே "புரொபேட் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறீர்கள். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் அது. வந்தவருக்கு அந்தச் சொல்லே புதிது. எழுதிக் காட்டச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் வாங்கிக்கொண்டு வெளியே போகிறார்.

அப்படிப்பட்ட சீட்டுகள் கடைசியில் என்னிடம் வந்து சேரும். நான் வக்கீல் இல்லை. உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில், அதாவது சிவில் வழக்குகளை நேரடியாக எடுக்கும் பிரிவில், வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். புரொபேட் மனுக்களைக் கட்டி, தைத்து, நம்பர் வாங்கி, ரிட்டர்ன் ஆனதைச் சரி செய்து மறுபடி போட்டதுதான் என் பிழைப்பின் பெரும்பகுதி. அதனால் தெருவில் ஒரு சாவு நடந்தால், காரியம் முடிந்த கையோடு பேப்பர்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு யாராவது என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் சார்பில்தான் இந்த மடல்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ரத்து மற்றும் திருத்தச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. காலாவதியான பழைய சட்டங்களைக் கழித்துக்கட்டும் சட்டம் என்பதால் பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை. ஆனால் 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை அது மொத்தமாக எடுத்துவிட்டது. புரொபேட் கட்டாயம் என்று நீங்கள் இத்தனை காலம் சொல்லிவந்ததற்கு ஆதாரமாக இருந்தது அந்தப் பிரிவுதான். அது இப்போது இல்லை. விரும்புகிறவர்கள் புரொபேட் வாங்கலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. கட்டாயம் மட்டும் போய்விட்டது.

போய்ச் சேர்ந்த அந்தப் பிரிவு என்ன சொன்னது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அது உயிரோடு இருந்தபோதே பாதிப் பேர் அதைத் தவறாகத்தான் பயன்படுத்தினீர்கள். உயிலின் கீழ் எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒருவர் 'எந்த நீதிமன்றத்திலும்' நிலைநாட்ட வேண்டுமானால் அதற்குப் புரொபேட் வேண்டும் என்றது அது. நீதிமன்றத்தில் என்றுதான் இருந்தது. வங்கிக் கவுன்டரில் என்றோ, சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் என்றோ இல்லை. வழக்கு என்று வந்தால் வேண்டிய ஒன்றை, வழக்கே இல்லாத வீட்டில் பெயர் மாற்றவும் நீங்கள் கேட்டீர்கள்.

அதுவும் எல்லோருக்குமான விதி இல்லை. இந்துக்களைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் எழுதப்பட்ட உயில், அல்லது வெளியே எழுதப்பட்டு அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றிய உயில், இவை இரண்டுக்கும்தான் கட்டாயம். மும்பைக்கும் அப்படியே. வங்காளத்தில் எல்லை இன்னும் அகலம். இதெல்லாம் 1870 செப்டம்பர் 1-இல் வெள்ளைக்காரன் போட்ட கோடு. மதுரைக்காரர் மதுரையில் இருக்கும் வீட்டைப் பற்றி மதுரையில் எழுதிய உயிலுக்கு அன்றும் புரொபேட் தேவைப்படவில்லை. தாம்பரத்தில் எழுதிய தாம்பரம் வீட்டு உயிலுக்கும் அப்படித்தான். முஸ்லிம்களின் உயில்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தவே இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சாந்தோமிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பம் புரொபேட் சீட்டோடு என்னிடம் வந்தது. யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கிற சிரமத்தை விட, எல்லோரையும் உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கு அனுப்பிவிடுவது சுலபம் போலிருக்கிறது.

இதை விடக் கொடுமை ஒன்று உண்டு. உயிலே எழுதாமல் இறந்தவரின் குடும்பத்திடமும் புரொபேட் கேட்கிறீர்கள். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் முத்திரை வைத்துத் தருவதுதான் புரொபேட். உயில் இல்லையென்றால் எதற்கு முத்திரை வைப்பது? உயில் இல்லாத வீட்டுக்கு வேண்டியது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். டெபாசிட், பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றில் பெரிய தொகையோ சண்டையோ இருந்தால் நீதிமன்றம் தரும் சக்ஸஷன் சர்டிபிகேட். மூன்றும் மூன்று வெவ்வேறு காகிதங்கள். எது வேண்டும் என்று கேட்பவருக்கே தெரியாவிட்டால், கொண்டு வருபவர் என்ன செய்வார்?

நீங்கள் ஒரே வரியில் கேட்டுவிடும் அந்தக் காகிதத்தை வாங்க என்ன ஆகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அசல் உயில் கையில் இருக்க வேண்டும். அதை மனுவோடு சேர்த்து நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் பிறகு அது அங்கேயேதான் இருக்கும். குடும்பத்துக்குக் கிடைப்பது நகல்தான். அப்பா கையெழுத்தைக் கொடுக்க மாட்டேன் என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இறப்புச் சான்றிதழ் வேண்டும். வாரிசுகள் ஒவ்வொருவரின் பெயரும் விலாசமும் வேண்டும். அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஒவ்வொருவரிடமும் சம்மதப் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும். ஒரு பிள்ளை துபாயிலும் இன்னொன்று டல்லாஸிலும் இருந்தால், அங்கே தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சொத்துப் பட்டியல், மதிப்பு, அதற்கு நீதிமன்றக் கட்டணம்.

அப்புறம் சாட்சி. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது கிடைத்தால் அவர் சரிபார்ப்புக் கையெழுத்துப் போட வேண்டும், பிரமாணப் பத்திரம் தர வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் எழுதிய உயில் என்றால் சாட்சி யார்? பக்கத்து வீட்டு மாமாவும் ஆபீஸ் நண்பரும். மாமா காலமாகிவிட்டார். நண்பர் வீடு மாற்றிப் போய்விட்டார். அவரைத் தேடிக் கண்டுபிடித்தால், "கோர்ட்டுக்கெல்லாம் என்னை இழுக்காதீங்க" என்று அவருடைய மகன் வாசலிலேயே நிறுத்துவான். சாட்சிகள் இருவருமே இல்லையென்றாலும் கையெழுத்தை அடையாளம் காட்டி நிரூபிக்க வழி உண்டு. ஆனால் அதற்கு இன்னும் நாலு காகிதம்.

மனுவைப் போட்டால் முதலில் எஸ்.ஆர். என்ற தற்காலிக நம்பர்தான். பக்க எண் சரியில்லை, பட்டியலில் சர்வே எண் பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை, வாரிசு ஒருவரின் இனிஷியல் ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது என்று ரிட்டர்ன் ஆகும். சரி செய்து மறுபடி போட்டால், ஓ.பி. என்ற மனுவாக எண்ணாகும். வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொல்வார்கள். யாரும் எதிர்க்காவிட்டால் சாட்சியம் பதிவாகி உத்தரவு வரும். உத்தரவு வந்தபின் அதைக் காகிதமாகக் கையில் வாங்குவது தனி வேலை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மாதங்கள் ஓடிவிடும். நடுவில் யாராவது ஒருவர் கேவியட் என்ற ஆட்சேப மனு போட்டு எதிர்த்தால் ஓ.பி. மாறி டி.ஓ.எஸ். ஆகிவிடும். அதாவது முழு வழக்கு. டி.ஓ.எஸ். கட்டுகள் எத்தனை வருடம் அலமாரியில் இருக்கும் என்பதை நான் சொல்லி நீங்கள் கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

காகிதம் கைக்கு வந்த பிறகும் முடியாது. ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலையும் ஒரு வருடத்துக்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை எத்தனை குடும்பங்களுக்கு யார் நினைவுபடுத்துகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

இத்தனையும் செய்து வாங்கும் புரொபேட் எதை உறுதிப்படுத்துகிறது? இந்த உயில் உண்மையானது, சட்டப்படி எழுதப்பட்டது, இவர்தான் இதன் எக்ஸிகியூட்டர், அதாவது இதை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் என்பதை. அவ்வளவுதான். வீடு இறந்தவருக்குச் சொந்தமா என்ற கேள்விக்குள் புரொபேட் நீதிமன்றம் போகவே போகாது. இறந்தவருக்கு அந்த வீட்டில் உரிமையே இல்லாவிட்டாலும் புரொபேட் கிடைக்கும். ஆக, டைட்டிலைப் பற்றி, அதாவது சொத்து யாருடையது என்பதைப் பற்றிப் பயந்துகொண்டு புரொபேட் கேட்பவர் கேட்பது வேறு, கிடைப்பது வேறு.

இந்தப் பாதை இவ்வளவு கரடுமுரடாக இருப்பதால் சென்னைக் குடும்பங்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. உயிலை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிடுவது. உயிலே இல்லாதது போல வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, சொத்தை ஒருவர் பெயருக்குக் கொண்டுவந்துவிடுவது. இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளுக்கே எழுதிவைத்த உயில் என்றால் பெரிய நஷ்டம் இல்லை. முத்திரைக் கட்டணத்தோடு போகும்.

ஆனால் உயில் எழுதுவதே பெரும்பாலும் வாரிசு வரிசையில் வராத ஒருவருக்காகத்தான். எங்கள் தெருவில் கல்யாணம் ஆகாத ஒரு டீச்சரம்மா இருந்தார். கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவருடைய அண்ணன் மகள். இரண்டே அறை கொண்ட வீட்டை அவள் பெயருக்கு உயில் எழுதி, பதிவும் செய்துவிட்டுத்தான் டீச்சரம்மா கண்ணை மூடினார். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். மூவருக்கும் அந்தப் பெண்மீது பிரியம்தான். கேட்டால் உடனே கையெழுத்துப் போடுவார்கள். ஒரு அலுவலகத்தில் அவளிடம், உயிலை விட்டுவிடு, வாரிசுகளை அழைத்து வா, அவர்கள் உனக்கு எழுதிக்கொடுக்கட்டும் என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சொத்து முதலில் அந்த மூவருக்குப் போய், பிறகு அவர்கள் கொடுத்து இவளுக்கு வர வேண்டும். அதற்குள் ஒருவர் இறந்தால் அவருடைய பிள்ளைகள் வருவார்கள். மருமகன்கள் வருவார்கள். டீச்சரம்மா நேராகக் கொடுத்ததை எதற்கு இவள் சுற்றி வாங்க வேண்டும்? அதுவும் உயில் பதிவான அலுவலகத்தின் சீலே அதன்மேல் இருக்கும்போது?

சரி, உங்கள் பக்கத்தையும் பார்க்கிறேன். நாளைக்கு இன்னொரு உயிலோடு வேறொருவர் வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். ஆடிட்டில் கேள்வி வரும், மெமோ வரும். பதிவு செய்த உயில் என்பதாலேயே அது கடைசி உயில் ஆகிவிடாது. பதிவு செய்யாத ஒரு வெள்ளைத்தாள் உயில் அதை ரத்து செய்துவிட முடியும். போலி உயில்களை நானே பார்த்திருக்கிறேன். சாகக் கிடப்பவரின் விரலைப் பிடித்து ரேகை வைத்தது, பென்ஷன் பாரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது, எல்லாம் உண்டு. புரொபேட் என்ற காகிதம் கையில் இருந்தால் பொறுப்பு நீதிமன்றத்தின் தலையில் போய்விடும் என்பது நியாயமான நினைப்புதான். கட்டாயத்தை எடுத்த நாடாளுமன்றம், அதற்குப் பதிலாக அதிகாரிகள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் பழைய பழக்கமே உட்கார்ந்துகொண்டது.

வங்கிக்காரர்களுக்கு அந்தச் சாக்கும் குறைவு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, இறந்த வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் தீர்ப்பது பற்றி விரிவான உத்தரவு போட்டது. நாமினி இருந்தால் நாமினியிடம் கொடுத்துவிட வேண்டும். நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கியென்றால் 5 லட்சம் வரை, எளிய நடைமுறையிலேயே தீர்க்க வேண்டும். ஆவணங்கள் முழுதாக வந்துசேர்ந்த 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். உங்களால் தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டுக்கு மேல் ஆண்டுக்கு 4 சதவீதம் சேர்த்து வட்டி. லாக்கர் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாறிவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். கிளையில் கேட்டால் "மேலிடத்திலிருந்து சர்க்குலர் வரல" என்ற பதில்தான் இன்னும் கிடைக்கிறது. வந்த சர்க்குலரைப் படிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூடவே ஒரு வார்த்தை. நாமினிக்குப் பணம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. பணம் நாமினிக்குச் சொந்தமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இன்ஷூரன்ஸ் பாலிசி பற்றிய வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கவுன்டரில் இருப்பவர்கள் இதைச் சொல்லி அனுப்பினால் அண்ணன் தம்பிச் சண்டைகள் பாதி குறையும்.

இனி ஒப்பீனியன் எழுதும் வழக்கறிஞர்களுக்கு. உண்மையைச் சொன்னால், இந்தப் பழக்கத்தின் வேர் உங்களிடம்தான் இருக்கிறது. உயில் மூலம் வந்த வீட்டை விற்கப் போனால், வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி உங்களிடம் கேட்கிறது. ஒப்பீனியனின் கடைசிப் பத்தியில் "புரொபேட் பெறப்பட வேண்டும்" என்று ஒரு வரி. அந்த வரி பழைய ஃபைலிலிருந்து காப்பி பேஸ்ட்டில் வருகிறது என்பது உங்கள் ஜூனியர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பார்த்து வங்கி கேட்கிறது, வங்கியைப் பார்த்து சங்கம் கேட்கிறது. சட்டம் மாறியதைப் படித்துவிட்டு அந்த வரியை எடுக்க வேண்டியவர்கள் முதலில் நீங்கள்தான். சந்தேகம் இருக்கிற ஃபைலில் தாராளமாகக் கேளுங்கள். ஏன் சந்தேகம் என்று எழுதிவிட்டுக் கேளுங்கள்.

சந்தேகப்பட வேண்டிய உயில்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஒரு பிள்ளையைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கியது, இரண்டு கல்யாணம் செய்தவர் எழுதியது, இறப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஐ.சி.யு.வில் எழுதியது, பலன் அடைபவரே பக்கத்தில் நின்று எழுதவைத்தது. இப்படிப்பட்டதோடு வருபவர்களிடம் நானே சொல்கிறேன், கட்டாயம் இல்லாவிட்டாலும் நீதிமன்றத்துக்குப் போய் புரொபேட் வாங்கிக்கொள்ளுங்கள், சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள் என்று. விண்ணப்பிக்கும் உரிமை எழுந்ததிலிருந்து மூன்று வருடக் காலவரம்பு புரொபேட் மனுவுக்கும் உண்டு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் தள்ளிப்போடுவது நல்லதில்லை. சண்டை இருக்கும் வீட்டுக்கு நீதிமன்றம். அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சண்டை இல்லாத வீட்டுக்கு என்ன செய்யலாம்? உயிலின் அசலை வாங்கிப் பாருங்கள், பதிவானதா என்று சரிபாருங்கள். இறப்புச் சான்றிதழும் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழும் கேளுங்கள். அதில் இருக்கும் எல்லா வாரிசுகளிடமும், எங்களுக்கு இந்த உயிலில் ஆட்சேபம் இல்லை, இதற்குப் பிந்தைய உயில் எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை என்று நோட்டரி முன் எழுதி வாங்குங்கள். சாட்சி ஒருவர் இருந்தால் அவரிடமும் ஒரு பிரமாணப் பத்திரம். இன்னும் மனசு ஒப்பவில்லையா, பின்னால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டுகிறோம் என்ற இன்டெம்னிட்டி பாண்ட் வாங்குங்கள், பேப்பரில் ஒரு அறிவிப்புக் கொடுக்கச் சொல்லிச் சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள். புரொபேட் மனுவில் நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதும் கிட்டத்தட்ட இதே காகிதங்கள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுக்க வேண்டுமென்றால் மறுங்கள். ஆனால் எழுத்தில் மறுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, எந்தச் சர்க்குலரின்படி என்ன ஆவணம் வேண்டும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு யாரும் மேல்முறையீடு போக முடியாது. எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தால், கேட்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு உண்டு.

டீச்சரம்மாவின் அண்ணன் மகள் மேலே சொன்ன காகிதங்கள் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டாள். அவளுடைய அப்பாவும் அத்தைமார் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பட்டா மாறுதல் மனு அடுத்த வாரம் உங்களில் ஒருவர் மேஜைக்கு வரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவன்,
திருவல்லிக்கேணி